ஹங்கர் கேம்ஸ்: யார் பேருக்கு எத்தனை சீட்டு?

சூசன் காலின்ஸின் ‘தி ஹங்கர் கேம்ஸ்’ நாவலை (கலகம் செய்து தோற்ற மாவட்டங்களிலிருந்து குலுக்கிப் போட்டு எடுத்த பிள்ளைகளைத் தலைநகர் கேப்பிடல் சாகும்வரை மோதவிடும் கதை) வாசித்தவர்களும் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டுகிறவர்களும் உங்க ஊர்ப் பெயரைப் போட்டு எழுதுங்க. கதை எங்கே பிடிக்கிறது, எங்கே இழுக்கிறது என்பது போதும். கதைச் சுருக்கம் வேண்டாம்.

தக்கலை

களத்தில் சண்டை தொடங்குவதற்கு ரொம்ப முன்னாலேயே இந்த நாவல் ஆளைப் பிடித்துவிடும். பிடிப்பது முதல் அத்தியாயத்தில் வரும் ஒரு கூட்டல் கணக்கு. அதை மேலோட்டமாகத் தாண்டிப் போகிறவர்களுக்குப் பாதி ருசி போச்சு.

12 வயதில் குலுக்கலில் ஒரு சீட்டு, 13-இல் இரண்டு, இப்படியே 18-இல் ஏழு. இது எல்லாருக்கும் கட்டாயம். வீட்டில் பசி என்றால் டெசரா எழுதி வாங்கலாம்: ஓர் ஆளுக்கு ஒரு வருஷத்துக்கான அரைவயிற்றுத் தானியமும் எண்ணெயும். அதற்கு விலை இன்னொரு சீட்டு. வீட்டில் எத்தனை தலையோ அத்தனை வாங்கலாம். போன வருஷத்துச் சீட்டு கழியாது, ஏறிக்கொண்டே போகும்.

கதைநாயகி காட்னிஸ் வீட்டில் மூன்று பேர். 1 + 3 = 4; 12 முதல் 16 வரை ஐந்து தடவை, 20 சீட்டு. அவள் வேட்டைத் தோழன் கேல் வீட்டில் ஐந்து பேர். 1 + 5 = 6; ஏழு தடவை, 42. இரண்டு எண்ணும் நாவலில் அப்படியே இருக்கின்றன. மேயர் மகள் மேட்ஜுக்கு ஐந்துதான் இருக்கும் என்று கேல் குத்திக்காட்டுவதும் இதே கணக்கு. அவள் வீட்டில் யாரும் டெசரா வாங்க வேண்டியதில்லை.

“நம்ம ரேஷன் அரிசி மாதிரியா?” என்று பிள்ளைகள் கேட்கும். மாதம் தவறாமல் 8-ஆம் தேதி போய் வாங்குவது வரைக்கும் அப்படித்தான். நம்ம கார்டில் வாங்கியதை எழுதிவைத்து, பிறகு பிள்ளையைக் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

வகுப்பில் செய்து காட்ட 26 துண்டுக் காகிதம் போதும்: காட்னிஸின் தங்கை பிரிம் 1, மேட்ஜ் 5, காட்னிஸ் 20. கேலைச் சேர்த்துவிடாதீங்க. ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கண்ணாடிக் குடுவை. பலரும் தப்பு விடுவது இங்கேதான். காகிதத்துக்குப் பதில் மஞ்சாடியும் புளியங்கொட்டையும் போட்டால் கை தடவியே கண்டுபிடித்துவிடும். எல்லாத் துண்டும் ஒரே அளவு, ஒரே மடிப்பு. ஒவ்வொரு தடவை எடுத்ததும் திரும்பப் போட்டுக் குலுக்கணும். பத்துப் பதினைந்து தடவையில் பிரிம் பெயர் வராமலே போகலாம், முதல் தடவையே வந்தும் தொலைக்கலாம். உண்மையான குடுவையில் ஆயிரக்கணக்கான சீட்டு. அதிலிருந்து அந்த ஒரே சீட்டு வெளியே வரும்போது வகுப்பில் விழும் அமைதிக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இரணியல்

அண்ணாச்சி கணக்கைச் சொல்லிட்டாரு, நான் சொல்லுக்கு வாறேன். தமிழில் சொல்லிக் காட்டுகிறவர்கள், குலுக்கலுக்கு நாவல் வைத்த பெயரான ‘ரீப்பிங்’ வந்ததும் ‘அறுவடை’ என்று போட்டுவிடுகிறார்கள். தப்பில்லை, ஆனால் அது வேளாண்மை ஆபீஸ் சொல். கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் கண்ட நாஞ்சில் நாட்டில் ‘அறுப்பு’ என்றால்தான் அரிவாள் கண்ணில் படும்.

‘ட்ரிப்யூட்’, அதாவது குலுக்கலில் எடுபட்ட பிள்ளை, இன்னும் சிக்கல். ‘காணிக்கை’ என்று சொன்னால் நம்ம ஊரில் கோயில் உண்டியலும் சர்ச்சில் வரும் பையும்தான் ஞாபகம் வரும். அது மனமுவந்து போடுவது. இங்கே தோற்ற மாவட்டம் ஜெயித்தவனுக்குப் பிள்ளையைக் கட்டுகிறது. அதற்குத் ‘திறை’ என்று பழைய சொல் சும்மா கிடக்கிறது. மினோட்டாருக்கு ஏதென்ஸ் ஏழு பையன்களையும் ஏழு பெண்களையும் அனுப்பிய கிரேக்கக் கதையிலிருந்துதான் காலின்ஸ் இதை எடுத்தார். திறை அதற்கும் பொருந்தும்.

காலம் கவனம். நாவல் முழுக்க நிகழ்காலம். பழைய நினைவு வந்தால் மட்டும் இறந்தகாலம். சொல்லிக் காட்டும்போது எல்லாவற்றையும் “நடந்தாள், பார்த்தாள்” என்று மாற்றினால் ரொட்டிக்கடைக்காரர் மகன் பீட்டா காட்னிஸுக்கு ரொட்டி எறியும் இடம் தட்டையாகிவிடும். மழை, பன்றிக்குப் போடச் சொன்ன கருகிய ரொட்டி இரண்டு, அவன் அவள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல் எறிகிறான். அது அவளுக்கு முடிந்துபோன காட்சி, இன்னும் தீராத கடன். கால மாற்றம்தான் அதைத் தனியாகத் தூக்கிக் காட்டுகிறது. ரொட்டி என்றதும் பிள்ளைகள் பேக்கரி பன்னை நினைக்கும். உலர்திராட்சையும் கொட்டைப்பருப்பும் அடைத்த கனத்த ரொட்டி, ஒரு வீடு பசியாறும் என்று சொல்லிவிடுங்க.

மார்த்தாண்டம்

டிராக்கர் ஜாக்கர் வரும் இடம் பற்றி. அது தேனீ இல்லை மக்கா, கேப்பிடல் ஆய்வுக்கூடத்தில் உருமாற்றிய கடந்தல் (குளவி). கூடு இருக்கும் கிளையைக் காட்னிஸ் அறுக்கும்போது கூடு உடனே கிளம்பாததற்குக் காட்டுத்தீயின் புகையைக் காரணமாகக் காட்டுகிறார் ஆசிரியர். புகைப்பானில் தேங்காய்க் கதம்பையைப் பற்றவைத்துத் தேனீப் பெட்டி திறக்கிற ஊர்க்காரர்கள் இதை உடனே தலையாட்டி ஒத்துக்கொள்வார்கள். புகை எச்சரிக்கை வாசனையை மறைக்கும், தேனீ வயிறு நிறையத் தேனைக் குடித்துக்கொண்டு மந்தமாகும். கடந்தல் கூட்டில் அப்படிக் குடிக்கத் தேன் கிடையாது, அதனால் அந்தப் பாதி செல்லாது.

இன்னொன்று: கொட்டு வாங்கிய பிறகு அவள் முள்ளுள்ள கொடுக்கைப் பிடுங்கி எறிகிறாள். கொடுக்கை உடம்பில் விட்டுப் போவது தேனீ. சாதாரணக் கடந்தல் விடாது, திரும்பத் திரும்பக் கொட்டும். உருமாற்றிய பூச்சி என்பதால் மன்னிச்சு விடலாம். இன்னொரு மாவட்டத்துச் சிறுமி ‘ரூ’ மென்று அப்பும் இலையை மட்டும் பிள்ளைகள் நம்பிவிடக் கூடாது. பல கொட்டு வாங்கினால் நேரே ஆஸ்பத்திரி.

குளச்சல்

இழுக்கும் இடம் கேட்டிருந்தீங்க. மொத்தம் 27 அத்தியாயம், ஒன்பது ஒன்பதாக மூன்று பகுதி. களத்தில் அறுபது நொடி எண்ணுவது 11-ஆம் அத்தியாயத்தில்தான். நடுவில் அலங்காரம், பயிற்சி, பேட்டி என்று போகும்போது சண்டைக்காக எடுத்தவர்கள் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். அங்கே தாண்டிக் குதித்தால், பயிற்சியில் வாங்கிய 12-க்கு 11 மதிப்பெண் ஏன் காட்னிஸுக்கே ஆபத்தாகிறது என்று பிறகு புரியாது. ஒரு நாளைக்கு இரண்டு அத்தியாயம், 14 நாளில் முடியும். முதல் இரண்டை ஒரே மூச்சில் வாசிக்கணும். முதலாவது எங்கே முடிகிறது என்று தெரிந்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டாம்.

படம் 2012-இல் வந்தது. படத்தில் அவள் மனசுக்குள் ஓடுவது கேட்காது, அதனால் முதலில் புத்தகம்.

பூதப்பாண்டி

இந்தத் தொடரின் புத்தகங்களை எந்த வரிசையில் வாசிப்பது என்று கேட்பவர்களுக்கு: 2008, 2009, 2010-இல் வந்த மூன்றும் முதலில். 2020-இல் வந்தது 64 வருஷம் முந்தைய கதை, 2025-இல் வந்தது 50-ஆவது போட்டியின் கதை. கதைக்காலப்படி அடுக்கி 2020 புத்தகத்திலிருந்து தொடங்கினால், முதல் மூன்றில் கொடுங்கோல் அதிபராக வரும் ஸ்நோ யார் என்று தெரியாமலே அவன் பக்கம் நின்றுவிடுவீங்க. தெரிந்துகொண்டு நிற்பதில்தான் சங்கடமே இருக்கு.

மூன்றையும் மொத்தமாக வாங்கி வைத்தால் இரண்டாவதுக்குச் செய்தித்தாள் அட்டை போட்டுக் கொடுங்க. முதல் புத்தகத்தில் யார் பிழைத்தது என்பதை இரண்டாவதன் பின்னட்டையே உடைத்துவிடும்.