கீபோர்டைத் தட்டினால் ஒலி பிந்தி வருகிறது, மென்பொருளை மாற்றவா? புதியவர், உதவி தேவை

மலர் டீச்சர்:
வணக்கம் நண்பர்களே. கோவில்பட்டிப் பக்கம் ஒரு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்காக நானே எழுதி மெட்டுப் போட்ட பாட்டுகள் 14 இருக்கின்றன. இதுவரை வகுப்பில் கைதட்டிப் பாடியதோடு சரி. இப்போது தாளம், கீபோர்டு, என் குரல் மூன்றையும் சேர்த்து ஒழுங்காகப் பதிவு செய்ய ஆசை.

கையில் இருப்பது விண்டோஸ் 10 லேப்டாப், ஐ3, 8 ஜிபி ராம். அக்கா மகனுடைய 61 கட்டை கீபோர்டு, யுஎஸ்பி கேபிளோடு. காதில் போடும் இயர்போன், மைக்கும் அதிலேயே. இன்னும் ரூ. 6,000 வரை செலவழிக்க முடியும்.

பாட்டுப் பதியும் மென்பொருள் ஒன்றின் சோதனைப் பதிப்பை இறக்கி இரண்டு வாரமாகப் போராடுகிறேன். கட்டையை அழுத்தி விரலை எடுத்த பிறகுதான் ஒலியே வருகிறது. தாளத்தைக் கேட்டுக்கொண்டே பாடிப் பதிந்தால், திரும்பப் போடும்போது குரல் பின்னால் இழுக்கிறது. குரலும் போனில் பேசுகிற மாதிரி அடைத்துக் கேட்கிறது. ஒருவர் எஃப்எல் ஸ்டூடியோவுக்கு மாறு என்கிறார், ஒருவர் ஏபிள்டன் என்கிறார், அக்கா மகன் மேக் வாங்குங்கள் சித்தி என்கிறான். எதை நம்புவது?

தெருமுனை பீட்ஸ்:
எஃப்எல் ஸ்டூடியோதான் டீச்சர், யோசிக்கவே வேண்டாம். 16 கட்டங்கள் வரிசையாக இருக்கும். ட்ரம் வரிசையில் 1, 5, 9, 13 நான்கையும் சொடுக்குங்கள், தாளம் ஓட ஆரம்பித்துவிடும். எனக்கு இசை எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் கட்டங்களைப் பார்த்துத்தான் தாளம் என்றால் என்ன என்றே புரிந்தது. ஒருமுறை வாங்கினால் ஆயுள் முழுக்கப் புதிய பதிப்புகள் இலவசம்.

இரவு ஒலி:
எதையும் வாங்குவதற்கு முன் ஒரு கேள்வி. அந்த இயர்போன் வயர் உள்ளதா, ப்ளூடூத்தா? போனில் பேசுகிற மாதிரி என்று எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் சந்தேகம் வந்தது.

மலர் டீச்சர்:
ப்ளூடூத்தான். அதனால் என்ன?

இரவு ஒலி:
அங்கேதான் பாதிப் பிரச்சினை இருக்கிறது. ப்ளூடூத் இயர்போனின் மைக்கைப் பயன்படுத்த ஆரம்பித்ததும் விண்டோஸ் அதை அழைப்புக்கான முறைக்கு மாற்றிவிடும். அப்போது ஒலியின் தரம் போன் பேச்சளவுக்கு இறங்கும். உங்கள் குரல் அடைத்துக் கேட்பது அதனால்தான்.

அப்புறம் தாமதம். ப்ளூடூத் ஒலியைச் சுருக்கி அனுப்பி, அந்தப் பக்கம் விரித்து உங்கள் காதுக்குக் கொடுக்கிறது. இதில் பத்தில் ஒரு நொடிக்கு மேல் போய்விடுவது சாதாரணம். நிமிடத்துக்கு 100 அடி வேகம் என்றால் ஓர் அடிக்கு 0.6 நொடி. 0.15 நொடி பிந்தினாலே கால் அடி போய்விட்டது. தாளம் உங்கள் காதுக்குப் பிந்தி வருகிறது, நீங்கள் அதற்குச் சரியாகப் பாடுகிறீர்கள், பதிவில் குரல் பின்னால் விழுகிறது. பாடியதில் தப்பில்லை.

வயர் உள்ள சாதாரண இயர்போனைச் செருகிப் பாருங்கள். தாமதம் குறையும், ஆனால் முழுதாகப் போகாது. மிச்சம் விண்டோஸின் வழக்கமான ஒலி டிரைவரால், அதாவது ஒலிக்கருவியை இயக்கும் நிரலால் வருவது. ஏசியோ என்பது தாமதம் குறைந்த டிரைவர் வகை. ஏசியோ4ஆல் என்ற இலவச டிரைவரை நிறுவி, மென்பொருளின் ஆடியோ அமைப்பில் ஏசியோவைத் தேர்ந்தெடுங்கள். அங்கே பஃபர் என்று ஓர் எண் இருக்கும். அதை 256 ஆக்குங்கள்.

அந்த எண் என்னவென்று சொல்லிவிடுகிறேன், தெரிந்தால் பயம் போய்விடும். ஒலியை நொடிக்கு 44,100 துணுக்குகளாக வெட்டித்தான் கணினி கையாள்கிறது. 256 துணுக்கு சேர்ந்ததும் அனுப்பு என்றால் காத்திருப்பு ஏறக்குறைய 6 மில்லிநொடி. பக்கத்தில் உட்கார்ந்து வாசிப்பவரின் மிருதங்க ஒலி ஆறேழு அடி தாண்டி உங்களை வந்து சேரவும் அவ்வளவு நேரம்தான் ஆகும், உறுத்தாது. அதே எண் 2048 என்றால் 46 மில்லிநொடி. அந்த மிருதங்கத்தை ஐம்பது அடி தள்ளி வைத்துக்கொண்டு பாடுவது போல. டிரைவரும் தன் பங்குக்குக் கொஞ்சம் சேர்க்கும், ஆனாலும் 256-இல் வாசிக்க முடியும்.

இதை முடித்துவிட்டு எழுதுங்கள். மென்பொருளை அப்புறம் பார்ப்போம்.

பகிர்வான்:
முழுப் பதிப்பு சும்மாவே கிடைக்கும்போது இவ்வளவு பேச்சு எதற்கு? லிங்க் அனுப்பவா?

இரவு ஒலி:
வேண்டாம் தம்பி. அப்படி ஒரு பென்டிரைவில் வந்த கள்ளப் பதிப்பைப் போட்டு என் நண்பன் ஒரு வருட வேலையை இழந்தான். ஒரே இரவில் எல்லாக் கோப்பும் பூட்டிக்கொண்டது, நகல் எடுத்தும் வைக்கவில்லை. நேர்மையான வழியிலேயே இலவசமாகவும் மலிவாகவும் இவ்வளவு கிடைக்கிற காலத்தில் அது தேவையே இல்லை.

மலர் டீச்சர்:
நேற்று இரவு உட்கார்ந்தேன். வயர் இயர்போன் போட்டதுமே குரல் தெளிந்துவிட்டது! ஏசியோ4ஆல் நிறுவி முதலில் 128 வைத்தேன், அப்பளம் பொரிகிற மாதிரி சத்தம். 256-க்குப் போனதும் நின்றது. கட்டையைத் தொட்டவுடன் ஒலி வருகிறது. இரண்டு வாரம் என்னையே நொந்துகொண்டேன்.

ஆனால் அந்த மென்பொருள் திறந்திருக்கும்போது யூடியூபில் சத்தம் வரவில்லை. எதையாவது கெடுத்துவிட்டேனா?

இரவு ஒலி:
ஒன்றும் கெடவில்லை. ஏசியோ4ஆல் ஒலிக்கருவியைத் தன்வசமே வைத்துக்கொள்ளும், மென்பொருளை மூடினால் திரும்பி வந்துவிடும். 128-இல் வந்த பொரிப்புச் சத்தம், ஐ3-க்கு அந்த வேகம் மூச்சு வாங்குகிறது என்பதற்கான அடையாளம். வாசிக்கும்போதும் பாடும்போதும் 256. எல்லாம் பதிந்து முடித்து ஒலி அளவுகளைச் சரிசெய்யும்போது 1024-க்கு ஏற்றிவிடுங்கள், அப்போது தாமதம் தெரியாது, லேப்டாப்புக்கும் பாரம் குறையும்.

ஹார்மோனியப் பெட்டி:
சரி, இனி மென்பொருள். டீச்சர் செய்யப் போகும் வேலையில் முக்கியமானது குரல், அதை வைத்துத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தம்பி தெருமுனை சொன்ன எஃப்எல் ஸ்டூடியோ நல்ல மென்பொருள், அந்தக் கட்டங்களைப் பற்றி அவர் சொன்னதும் உண்மை. ஆனால் அதன் விலை குறைந்த ஃப்ரூட்டி பதிப்பில் மைக் வழியாகக் குரல் பதிய முடியாது. அதற்கு ப்ரொட்யூசர் பதிப்பு வேண்டும், ரூ. 6,000-க்குள் அடங்காது. சோதனைப் பதிப்பில் எல்லாம் திறந்திருக்கும், ஆனால் சேமித்து மூடிய வேலையை, வாங்கும் வரை மறுபடி திறந்து தொடர முடியாது. ஒரே அமர்வில் பாட்டை முடிக்கிறவர்களுக்குச் சரி. பள்ளி விட்டு வந்து அரை மணி நேரம் உட்காருகிறவருக்கு ஒத்துவராது.

என் பரிந்துரை ரீப்பர். பாட்டுக் கேட்கும் மென்பொருளான விண்ஆம்ப்பை உருவாக்கிய ஜஸ்டின் ஃப்ராங்கலின் காக்கோஸ் நிறுவனம் செய்வது. 60 நாள் முழு வசதியோடு பயன்படுத்திப் பார்க்கலாம், சேமிக்கலாம், மறுபடி திறக்கலாம். பிடித்தால் தனிப்பட்ட பயன்பாட்டுக்கான உரிமம் 60 டாலர். உருவத்திலும் சிறியது, ஐ3-இல் தாராளமாக ஓடும்.

குறையையும் சொல்லிவிடுகிறேன். ரீப்பரோடு வாத்திய ஒலிகள் கிட்டத்தட்ட எதுவுமே வராது. முதல் நாள் திறந்தால் வெறும் சாம்பல் நிறத் திரைதான், பலர் அங்கேயே திரும்பிவிடுகிறார்கள். டீசென்ட் சாம்ப்ளர் என்ற இலவசச் செருகுநிரலை (ரீப்பருக்குள் சேர்த்து ஓட்டும் சிறு நிரல்) நிறுவுங்கள். அதற்கான பியானோ, புல்லாங்குழல், தாளக்கருவி ஒலிகள் இலவசமாக நிறையக் கிடைக்கின்றன. புதிய ட்ராக்கில் அதைப் போட்டு, சிவப்புப் பொத்தானை அழுத்தி, உள்ளீட்டை மிடி (எந்தக் கட்டையை அழுத்தினீர்கள் என்று கீபோர்டு அனுப்பும் தகவல்) என்று மாற்றினால் உங்கள் கீபோர்டு பேசும்.

மற்ற மென்பொருள்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆடாசிட்டி குரலை வெட்டி ஒட்ட நல்லது, அதில் கீபோர்டு வைத்து வாத்தியம் வாசிக்க வராது. எல்எம்எம்எஸ் இலவசம்தான், அதில் குரல் பதிவு இல்லை. ஏபிள்டன் லைவ் துண்டு துண்டாக அடுக்கி மேடையில் வாசிப்பவர்களுக்கு அருமை, டீச்சரின் வேலை அது இல்லை. கராஜ்பேண்ட் ஆப்பிள் கருவிகளில் மட்டும்தான். வீட்டில் யாரிடமாவது ஐபோன் இருந்தால் அதில் இலவசமாகத் தொட்டுப் பாருங்கள், அதற்காக மேக் வாங்காதீர்கள். பேண்ட்லேப் போனிலேயே இலவசமாக ஓடும், வழியில் தோன்றும் மெட்டைப் பதிந்துவைக்க நான் அதைத்தான் பயன்படுத்துகிறேன்.

தெருமுனை பீட்ஸ்:
ஃப்ரூட்டி பதிப்பில் குரல் பதிய முடியாது என்பதை நான் மறந்தே போனேன், அண்ணா. நான் பாடுவதில்லை, அதனால் அந்தப் பக்கமே போனதில்லை. டீச்சருக்கு ரீப்பர்தான் சரி.

மலர் டீச்சர்:
ரீப்பர் போட்டு ஐந்து நாள் ஆகிறது. மூன்று பாட்டுக்குக் கீபோர்டு பதிந்துவிட்டேன். எறும்புப் பாட்டு மட்டும் மெட்ரோனோம் க்ளிக்கோடு (மென்பொருள் தட்டும் தாளச் சத்தம்) சேரவே மாட்டேன் என்கிறது. முதல் வரி சேருகிறது, இரண்டாம் வரியில் க்ளிக் எங்கேயோ போய்விடுகிறது. மறுபடி தாமதமா?

தவில்வீட்டுப் பிள்ளை:
வரியை எழுதுங்களேன் டீச்சர்.

மலர் டீச்சர்:
"சிறிய எறும்பிது, அரிசி சுமக்குது"

தவில்வீட்டுப் பிள்ளை:
அதைத் தொடையில் தட்டிப் பாருங்கள். சி-றி-ய, எ-றும்-பி-து. அ-ரி-சி, சு-மக்-கு-து. தகிட தகதிமி, தகிட தகதிமி! நீங்கள் பாடுவது மிஸ்ர சாபு தாளம், மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழு. மென்பொருள் திறக்கும்போதே 4/4 என்று, அதாவது சுற்றுக்கு நான்கு அடி, அரை அடியாக எண்ணினால் எட்டு என்று வைத்துக்கொள்கிறது, அதனால் எட்டாவதாக ஒன்றை எதிர்பார்க்கிறது. இதில் தாமதம் எதுவும் இல்லை. ஆதி தாளம் என்றால் எட்டு அடி, இரண்டு 4/4 சுற்றில் அழகாக உட்கார்ந்துவிடும், அதனால் மற்ற பாட்டுகளில் உங்களுக்குத் தெரியவில்லை.

ரீப்பரில் ஆல்ட், என்டர் இரண்டையும் சேர்த்து அழுத்தினால் ப்ராஜெக்ட் அமைப்பு திறக்கும். அங்கே 4/4 இருக்கும் இடத்தில் 7/8 என்று மாற்றுங்கள். எந்த மென்பொருள் எடுத்தாலும் புதிய பாட்டுக்கு முதல் வேலை இதுதான், தாளத்தைச் சொல்லிவிட்டுத்தான் மற்றது. சுருதி என்ன உங்களுக்கு?

மலர் டீச்சர்:
ஐந்தரைக் கட்டை. 7/8 போட்டதும் எறும்பு வரிசையில் வந்துவிட்டது! ஏழில் பாடுகிறேன் என்பதே எனக்குத் தெரியாது, ஆச்சி பாடிய ஒரு பாட்டின் சாயலில் போட்ட மெட்டு. இன்னும் ஒரே ஒரு சந்தேகம், மைக் எது வாங்கலாம்?

ஹார்மோனியப் பெட்டி:
யுஎஸ்பி மைக் ஒன்றும் ஆடியோ இன்டர்ஃபேஸ் (மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டி) ஒன்றும் என்று இரண்டையும் வாங்கிவிடாதீர்கள். யுஎஸ்பி மைக் தனிக் கருவியாக நிற்கும். மைக் ஒன்று, இயர்போன் வேறொன்று என்றால் ஏசியோ4ஆல் சில சமயம் முரண்டு பிடிக்கும். சிறிய இன்டர்ஃபேஸ் ஒன்றைப் பழையதாக நல்ல நிலையில் வாங்கி, பாடும் டைனமிக் மைக் ஒன்றை அதில் செருகுங்கள். இன்டர்ஃபேஸுக்கென்று சொந்த ஏசியோ டிரைவர் இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், இருந்தால் ஏசியோ4ஆலை நீக்கிவிடலாம். அதுவரை வயர் இயர்போனின் மைக்கே போதும். துணி நிறைந்த பீரோவைத் திறந்து வைத்து, அதைப் பார்த்து நின்று பாடுங்கள், அறையின் எதிரொலி அடங்கும். க்ளிக்கை ஸ்பீக்கரில் விடாதீர்கள், மைக்கில் விழும்.

மலர் டீச்சர்:
பீரோ வேலை செய்கிறது. இரண்டு முறை பாடிய பிறகுதான் பதிவில் ஃபேன் சத்தம் இருப்பதே தெரிந்தது. ஃபேனை நிறுத்திவிட்டு மூன்றாவது தடவை பாடினேன், அந்தப் பதிவு சரியாக அமைந்துவிட்டது. திங்கட்கிழமை வகுப்பில் எறும்பைப் போட்டுக் காட்டப் போகிறேன்.