சஃபாரியில் மட்டும் திறக்காத பாப்-அப் மெனு

கேள்வி:
வணக்கம். நான் உருவாக்கிவரும் தளத்தின் தலைப்பகுதியில் ஒரு பொத்தானும், அதை அழுத்தினால் கீழே விரியும் பாப்-அப் மெனுவும் உள்ளன. ஜாவாஸ்கிரிப்ட் சேர்க்காமல், பக்கத்தின் தோற்றத்தை வகுக்கும் சிஎஸ்எஸ்ஸின் ‘ஃபோகஸ்-விதின்’ விதியைக் கொண்டே (ஓர் உறுப்போ அதன் உள்ளே இருப்பதோ ஃபோகஸ், அதாவது விசைப்பலகை உள்ளீட்டை ஏற்கும் நிலை, பெற்றிருந்தால் பொருந்தும் விதி) மெனுவைத் தோன்றச் செய்திருக்கிறேன். குரோம், ஃபயர்ஃபாக்ஸ், எட்ஜ் மூன்றிலும் சிக்கல் இல்லை. மேக் கணினியின் சஃபாரியிலும் ஐபோனிலும் எத்தனை முறை அழுத்தினாலும் மெனு வருவதில்லை. வேறு எதற்கேனும் பின்னால் மறைகிறதோ என்று எண்ணி, அடுக்கில் எது மேலே வரும் என்பதைத் தீர்மானிக்கும் ‘இசட்-இண்டெக்ஸ்’ மதிப்பை 9999 வரை உயர்த்தியும் பயனில்லை.

பதில் 1:
மெனுவைத் தாங்கும் உறுப்புக்கு ‘டிரான்ஸ்ஃபார்ம்’ (உருமாற்றம்) இருந்தாலோ, ‘ஒபாசிட்டி’ (ஒளிபுகாமை) 1-க்குக் குறைவாக இருந்தாலோ, அந்த 9999 அதன் வீட்டுக்குள் மட்டுமே செல்லுபடியாகும். ஆனால் அந்தக் கோளாறு எல்லா உலாவிகளிலும் ஒன்றுபோல் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் அதுதான் காரணம் என்று எனக்குத் தோன்றவில்லை. பொத்தானின் ‘கிளிக்’ நிகழ்வில் ‘டாக்குமெண்ட்.ஆக்டிவ்எலிமெண்ட்’ (அப்போது ஃபோகஸ் பெற்றிருக்கும் உறுப்பு) எது என்று கன்சோலில் அச்சிட்டுப் பாருங்கள்.

கேள்வி கேட்டவர்:
பார்த்தேன். குரோமில் ‘பட்டன்’ என்று வருகிறது; சஃபாரியில் ‘பாடி’ (பக்கத்தின் முழு உடற்பகுதி) என்று வருகிறது.

பதில் 2:
காரணம் அதுதான். சுட்டியால் அழுத்தும்போது பொத்தானுக்கு ஃபோகஸ் தருவதில்லை என்பது சஃபாரியின் நெடுநாள் வழக்கம்; ஃபோகஸ் இல்லாத இடத்தில் ‘ஃபோகஸ்-விதின்’ எப்படிப் பொருந்தும்? ஓர் உறுப்பை ஃபோகஸ் பெறச்செய்யும் ‘டேப்இண்டெக்ஸ்’ பண்பைப் பொத்தானுக்கு 0 என்று கொடுத்தால் உடனடித் தீர்வு கிடைக்கும். ஆயினும் மெனு திறந்திருக்கிறதா என்பதை ஃபோகஸிடம் ஒப்படைப்பதே பலவீனமான ஏற்பாடு என்பேன். கிளிக்கில், மெனு விரிந்திருக்கிறதா என்பதைக் குறிக்கும் ‘ஏரியா-எக்ஸ்பாண்டட்’ மதிப்பை மாற்றி, அந்த மதிப்பைப் பார்த்தே சிஎஸ்எஸ் மெனுவைக் காட்டட்டும். திரைவாசிப்பானுக்கும் அதே செய்தி போய்ச்சேரும்.

கேள்வி கேட்டவர்:
மாற்றினேன், திறக்கிறது, நன்றி. பயனர் மெனுவுக்கு வெளியே சென்றால் மூடுவதற்கு, ஃபோகஸ் நீங்கும்போது எழும் ‘ஃபோகஸ்அவுட்’ நிகழ்வைப் பயன்படுத்தினேன். இப்போது விசைப்பலகையால் மெனுவுக்குள் நுழைந்தபின் அங்குள்ள பொத்தான் ஒன்றைச் சுட்டியால் அழுத்தினால், சஃபாரியில் அந்தப் பொத்தான் வேலை செய்யும் முன்பே மெனு மூடிக்கொள்கிறது.

பதில் 2:
நோய் அதேதான். ஃபோகஸ் அடுத்து எங்கே போகிறது என்பதைச் சொல்லும் ‘ரிலேட்டட்டார்கெட்’, அழுத்தப்பட்ட பொத்தான் ஃபோகஸ் பெறாததால் ‘நல்’ (எதுவுமில்லை) ஆகிவிடுகிறது. உங்கள் நிரலோ பயனர் வெளியேறிவிட்டார் என்று எண்ணி, ‘மவுஸ்டவுன்’ நேரத்திலேயே (சுட்டியை அழுத்திய கணத்திலேயே) மெனுவை மறைத்துவிடுகிறது. ‘கிளிக்’ வந்து சேரும்போது அழுத்துவதற்கு அங்கே எதுவும் இல்லை. ‘ரிலேட்டட்டார்கெட்’ ‘நல்’ என்று இருந்தால் மூடாமல் விட்டுவிட்டு, ஆவணத்தின் ‘பாயிண்டர்டவுன்’ நிகழ்வில் (சுட்டியோ விரலோ அழுத்தும் கணத்தில் எழுவது), தொட்ட இடம் மெனுவுக்கு வெளியே இருந்தால் மட்டும் மூடுங்கள். இதற்குக் ‘கிளிக்’கை நம்ப வேண்டாம், ஐபோனில் வெற்றிடத்தைத் தொட்டால் அது பல நேரங்களில் ஆவணம்வரை வருவதே இல்லை.

பதில் 3:
பழைய உலாவிகளைப் பற்றிய கவலை இல்லையென்றால், பாப்-அப்பைக் காட்டுவதையும் மூடுவதையும் உலாவியிடமே விடும் ‘பாப்ஓவர்’ பண்பையும் பரிசீலியுங்கள். குரோம் 114, சஃபாரி 17, ஃபயர்ஃபாக்ஸ் 125 முதல் அது கிடைக்கிறது. மெனு எல்லா அடுக்குகளுக்கும் மேலே வரையப்படுவதால் இசட்-இண்டெக்ஸ் போராட்டம் தேவைப்படாது. எஸ்கேப் விசையில் மூடுவதை உலாவியே கவனித்துக்கொள்ளும். ஐஓஎஸ் 18.3-க்கு முந்தைய ஐபோன்களில் மட்டும், வெளியே தொட்டால் மூடும் வசதி சரிவர இயங்கவில்லை. அந்த ஐபோன்களுக்காக மேலே சொன்ன ‘பாயிண்டர்டவுன்’ நிரலை விட்டுவையுங்கள்.