டைம்ஷேர் வாரத்தையோ புள்ளிகளையோ கொடுத்து வெளிநாட்டு ரிசார்ட்டில் தங்கினால் கட்டுபடியாகிறதா? வடசென்னை உறுப்பினர்களின் அனுபவங்கள்

திருவொற்றியூர், காலடிப்பேட்டை

எண்ணூர் பக்கம் ஒரு தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். 2013-இல், பெட்ரோல் பங்க்கில் நிரப்பிப் போட்ட கூப்பனுக்குப் பரிசு விழுந்திருப்பதாகவும், கணவனும் மனைவியுமாகச் சேர்ந்து வந்தால்தான் அதைக் கொடுப்போம் என்றும் தொலைபேசியில் அழைத்தார்கள். பரிசாகக் கிடைத்தது ஓர் இஸ்திரிப் பெட்டி; அதை வாங்கப் போய் நாங்கள் தவணையில் கட்டி முடித்தது 3,60,000 ரூபாய். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு ஏழு இரவுகள், அவர்கள் ரிசார்ட்டில் ஒரு படுக்கையறை கொண்ட வீட்டில் தங்கலாம் என்பது ஒப்பந்தம்; இதைத்தான் டைம்ஷேர் என்கிறார்கள். இதற்கு மேல் ஆண்டுச் சந்தா, இப்போது 20,000 ரூபாயும் அதன் மீது 18 விழுக்காடு ஜி.எஸ்.டி.யுமாக 23,600 வருகிறது.

மூன்று ஆண்டுகளாக எங்கும் போகாததால் இருபத்தொரு இரவுகள் சேர்ந்து கிடக்கின்றன. மகனும் மருமகளும் வருகிற மே மாதம் பேரனை அழைத்துக்கொண்டு தாய்லாந்தின் புக்கெட் தீவுக்குப் போகலாம் என்கிறார்கள். நம் வாரத்தைப் பரிமாற்ற நிறுவனத்திடம் ஒப்படைத்து, அதற்கு ஈடாக வெளிநாட்டில் ஒரு வாரம் வாங்கிக்கொள்ளலாம் என்று விற்கும்போதே சொல்லியிருந்தார்கள். ஆனால் ஒவ்வொரு முறையும் தனியாகப் பரிமாற்றக் கட்டணம் உண்டு என்பதை அன்று அவர்கள் வாயால் கேட்ட நினைவு இல்லை. இப்போது விசாரித்தால் 16,000 என்கிறார்கள். இதைக் கட்டிப் போவது லாபமா என்று, போய் வந்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

பெரம்பூர்

ஐயா, நான் ஒரு பள்ளியில் கணக்கராக இருப்பவள் என்பதால் கணக்கிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கொடுத்த 3,60,000 ரூபாயை இருபத்தைந்தால் வகுத்தால் ஆண்டுக்கு 14,400. இதனுடன் சந்தா 23,600, பரிமாற்றக் கட்டணம் 16,000 ஆகியவற்றைக் கூட்டினால் 54,000. அதாவது இரவொன்றுக்கு ஏறத்தாழ 7,700 ரூபாய். முதலில் போட்ட பணம் போனது போனதுதான், இனி அதை எண்ணுவதில் பொருளில்லை என்று ஒதுக்கிவிட்டாலும், சந்தாவும் கட்டணமும் சேர்ந்து 39,600, இரவுக்கு ஏறத்தாழ 5,650. வெளிநாட்டில் ஏழு நாள் தங்கல் இலவசம் என்று நம்மில் பலர் பேசுவது இந்த 5,650 ரூபாயைத்தான்.

நானும் என் கணவரும் இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆகஸ்ட் மாதம் இதே முறையில் புக்கெட் போனோம். அறை சுத்தமாக இருந்தது, குறை சொல்ல எதுவுமில்லை. மூன்றாம் நாள் மாலை, பொழுது போகாமல், அதே ரிசார்ட்டின் அதே வகை அறைக்கு அதே தேதிகளில் பொதுமக்களிடம் என்ன வாங்குகிறார்கள் என்று கைப்பேசியில் தேடினேன். காலை உணவுடன் சேர்த்து இரவுக்கு 4,900 ரூபாய் என்று இருந்தது. அன்று முழுக்க நான் கணவரிடம் அதைச் சொல்லவில்லை; சொன்ன பிறகு மீதி மூன்று நாளும் அவர் வேறு எதைப் பற்றியும் பேசவில்லை.

இது ஏன் இப்படி ஆகிறது என்று பிறகு படித்துப் பார்த்தேன். ஆர்.சி.ஐ. 1974-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது, இன்டர்வல் இன்டர்நேஷனல் 1976-இல். உலகின் பெரிய பரிமாற்ற நிறுவனங்கள் இவை இரண்டுமே. நாம் ஒப்படைக்கும் வாரத்துக்கு மதிப்புப் போடும்போது, அந்த ரிசார்ட்டுக்கு எவ்வளவு கிராக்கி, எந்தப் பருவம், எத்தனை பேர் தங்கக்கூடிய வீடு, எவ்வளவு முன்கூட்டியே ஒப்படைத்தோம் என்பவற்றையெல்லாம் பார்க்கிறார்கள். வாரத்துக்குப் பதிலாகப் புள்ளிகள் தரும் முறையில் இதே மதிப்பு ஓர் அட்டவணையாக முன்பே எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான் வேறுபாடு. ஆகவே நம் கைக்கு எளிதில் சிக்கும் வெளிநாட்டு வாரம் பெரும்பாலும் அங்கே யாரும் போக விரும்பாத வாரமாகவே இருக்கும். யாரும் போக விரும்பாத வாரத்துக்கு வெளியிலும் வாடகை குறைவுதான். நாம் கொடுப்பதோ, பல வேளைகளில், மே மாதத்து ஊட்டியையோ மூணாற்றையோ எடுத்துக்கொள்ளக்கூடிய ஒரு வாரம். அந்த நேரத்தில் மலையில் ஒரு நல்ல அறை இரவுக்கு 9,000 கேட்கிறது என்றால், புக்கெட்டுக்காக நாம் கைவிட்டது 63,000 ரூபாய்த் தங்கல்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்த நிறுவனங்கள் மிஞ்சிப்போன வாரங்களை உறுப்பினர்களுக்கு ரொக்கத்துக்கும் விற்கின்றன; அதற்கு நம் வாரத்தை ஒப்படைக்க வேண்டியதில்லை. ஒருமுறை பட்டாயாவில் ஒரு ஸ்டுடியோவின், அதாவது தனிப் படுக்கையறை இல்லாத ஒற்றை அறை வீட்டின், முழு வாரம், பரிமாற்றக் கட்டணத்தைவிட ஐயாயிரம் ரூபாய் மட்டுமே கூடுதலாக விலை போட்டிருந்ததை நானே பார்த்தேன். அப்படியானால் அங்கே வாரத்தைக் கொடுத்துப் பரிமாறிக்கொள்பவர், தன் ஏழு இரவுகளை ஐயாயிரத்துக்கு விற்கிறார் என்றுதானே பொருள்? ஆகவே ஐயா, ஒப்படைக்கும் முன் அந்த ரொக்க விலைப் பட்டியலைப் பார்த்துவிடுங்கள். ஒப்படைத்த வாரத்தைத் திரும்பப் பெறுவது கடினம்.

கொடுங்கையூர்

எங்களுக்குப் பரிமாற்றத்தில் ஸ்பெயினின் கோஸ்டா டெல் சோல் கடற்கரையில் ஒரு வாரம் உறுதியானது. நால்வருக்கும் ஷெங்கன் விசாவுக்கு, அதாவது ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான விசாவுக்கு, விண்ணப்பித்தோம். பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ. எனக்கும் மனைவிக்கும் கிடைத்தது, கல்லூரியில் படிக்கும் மகனுக்கும் என் தம்பிக்கும் கிடைக்கவில்லை. பயணத்தையே கைவிட்டோம். ரத்துக் காப்புக்கென்று தனியாக ஒரு சிறு தொகை கட்டியிருந்தால் வாரமாவது திரும்பியிருக்குமாம். அதை நான் வேண்டாம் என்று குறியிட்டிருந்தேன். கட்டணமும் போயிற்று, வாரமும் போயிற்று. விசா கையில் வராமல் யாரும் பரிமாற்றத்தை உறுதி செய்யாதீர்கள் என்பேன், ஆனால் விசா விண்ணப்பத்துக்கே தங்குமிடச் சான்று கேட்கிறார்களே, அதற்கு என்ன செய்வது என்று எனக்கும் தெரியவில்லை.

ராயபுரம்

பெரம்பூர் சகோதரியின் கணக்கில் பிழையில்லை. ஆனாலும் எனக்கு இதில் நல்ல அனுபவம் வாய்த்திருக்கிறது என்பதால் அதையும் பதிவு செய்வது நியாயம் என்று நினைக்கிறேன்.

நாங்கள் மொத்தம் ஆறு பேர்: நானும் மனைவியும், என் பெற்றோர், தம்பியும் அவன் மனைவியும். ஆறு பேருக்கு ஹோட்டல் என்றால் மூன்று அறைகள். அறை ஒன்றுக்கு இரவுக்கு 6,000 என்று வைத்தாலும் ஏழு இரவுக்கு 1,26,000 ரூபாய் ஆகிறது. எங்களுக்குக் கிடைத்தது புக்கெட்டில் இரண்டு படுக்கையறையும், கூடத்தில் விரிக்கும் சோபாவும், முழுச் சமையலறையும் கொண்ட வீடு. சந்தா, பரிமாற்றக் கட்டணம், போன பிறகு மின்சாரத்துக்கென்று வாங்கிய சிறு தொகை எல்லாம் சேர்ந்தும் ஐம்பதாயிரத்தைத் தாண்டவில்லை. ஆகஸ்டில் இல்லை, ஜனவரிக் கடைசியில். அங்கே அதுதான் கூட்டம் மிகுந்த பருவம்.

இது எப்படிக் கிடைத்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கொடைக்கானலில் எனக்குரிய மே மாத வாரத்தை மிக முன்னதாகவே ஒப்படைத்து, இந்த ஊர், இந்த இரண்டு மாதங்களுக்குள் எந்தத் தேதியானாலும் சரி என்று தேடல் கோரிக்கை பதிந்துவைத்துப் பதினான்கு மாதம் காத்திருந்தேன். இடையில் மூன்று முறை வேறு ஊர்களைக் காட்டினார்கள், மறுத்தேன். எனக்குச் சொந்தத் தொழில், வீட்டில் பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் அப்போது இல்லை. தேதியை நாம் நிர்ணயிக்க வேண்டிய நிலையில் இருப்பவருக்கு இந்த முறை ஒத்துவராது.

சமையலறையின் மதிப்பை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. என் அப்பா காசிமேட்டில் ஏலம் கேட்டு வளர்ந்தவர். தீவின் தென்முனையில் ராவாய் என்ற இடத்தில் கடலோரமாக மீன் சந்தை இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் முதல் நாளே கிளம்பிவிட்டார். அங்கே மீனை வாங்கி எதிரில் உள்ள உணவகத்தில் கொடுத்தால் கிலோவுக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொண்டு சமைத்துத் தருவார்கள். அப்பா அவர்களை நம்பவில்லை. வீட்டுக்குக் கொண்டுவந்து, அம்மா எடுத்துவந்திருந்த மிளகாய்த்தூளில் குழம்பு வைத்தார்கள். ஏழு நாளில் வெளியே சாப்பிட்டது நான்கு வேளைதான்.

காலடிப்பேட்டை ஐயாவுக்கு ஒன்று. மே மாதம் புக்கெட் வேண்டாம். அந்தத் தீவு அந்தமான் கடல் பக்கம் இருப்பதால் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று நேராக அடிக்கிறது; கடற்கரையில் சிவப்புக் கொடி நட்டுவிட்டால் கடலில் இறங்கக் கூடாது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றுவதைப் பார்த்து வளர்ந்த நமக்கு அதை விளக்கத் தேவையில்லை. மே மாதம்தான் என்றால் எதிர்ப்பக்கம், தாய்லாந்து வளைகுடாவில் உள்ள சாமுய் தீவுக்கு அப்போது வானிலை நன்றாக இருக்கும். அங்கே மழை நம் வடகிழக்குப் பருவத்தைப் போல அக்டோபருக்குப் பிறகுதான். ஆனால் அந்தத் தீவின் விமான நிலையம் பேங்காக் ஏர்வேஸ் என்ற தனியார் விமான நிறுவனத்துக்குச் சொந்தமானது. பாங்காக்கிலிருந்து அங்கே போகும் குறுந்தூரத்துக்குக் கேட்கும் கட்டணத்தைப் பார்த்தால், தங்குமிடத்தில் மிச்சம் பிடித்தது அங்கே போய்விடும்.

வண்ணாரப்பேட்டை

எம்.சி. ரோட்டில் துணிக்கடை வைத்திருப்பவன். ஆடியிலும் ஐப்பசியிலும் கடையை விட்டு நகர முடியாது; பிள்ளைகளின் பள்ளி விடுமுறையையும் பார்த்தால் ஏப்ரல் நடுவில் ஒரு வாரம்தான் மிஞ்சுகிறது. பட்டாயா கிடைத்தது, மகிழ்ச்சியாகப் போனோம். நம் சித்திரைப் பிறப்பை ஒட்டிய அதே நாட்களில், ஏப்ரல் 13 முதல் 15 வரை, அவர்களுக்கும் புத்தாண்டு. சோங்கிரான் என்று தெருவெல்லாம் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கிறார்கள். மற்ற ஊர்களில் மூன்று நாளில் முடிவது பட்டாயாவில் 19-ஆம் தேதி வரை நீள்கிறது. பிள்ளைகளுக்குக் கொண்டாட்டம்தான், வண்டி கிடைக்காமல் நனைந்த துணியோடு நடந்தது எனக்கும் மனைவிக்கும்.

பணத்தைப் பொறுத்தவரை நான் ஏமாந்த இடம் வேறு. பரிமாற்றத்தில் கிடைப்பது சனி முதல் சனி வரை என்று முழு வாரம். நம் ஊர்க் குடும்பங்கள் தாய்லாந்துக்குப் போவதோ ஐந்து நாள், பட்டாயாவில் இரண்டு இரவு, பாங்காக்கில் இரண்டு இரவு. நாங்களும் நான்காம் நாளே அலுத்து, சாவியைக் கொடுத்துவிட்டு, பாங்காக்கில் மூன்று இரவுக்கு வேறு ஹோட்டலுக்குப் பணம் கட்டினோம். அப்படியானால் பெரம்பூர் சகோதரி சொன்ன 39,600-ஐ நான் நான்கால் வகுக்க வேண்டும். இரவுக்கு 9,900. அதோடு விமானமும் சனிக்கிழமையன்றுதான் பார்க்க வேண்டியிருந்தது. இரண்டு நாள் தள்ளிப் போயிருந்தால் நால்வருக்குமாகப் பதினோராயிரம் ரூபாய் குறைந்திருக்கும்.

பட்டாயா ரிசார்ட்டில் இரண்டாம் நாள் காலையில் உறுப்பினர்களுக்குச் சிற்றுண்டி என்று அழைத்தார்கள். ஒன்றரை மணி நேரம். உங்கள் வாரத்தைப் புள்ளிகளாக மாற்றிக்கொண்டால் இப்படி ஏழு இரவு என்று கட்டுப்பட வேண்டியதில்லை, இரண்டு இரவு மூன்று இரவு என்று பிரித்துக்கொள்ளலாம், அதற்கு 2,10,000 ரூபாய்தான் என்றார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2008-ஆம் ஆண்டு வந்த விதிப்படி இப்படிக் கையெழுத்திட்டவருக்குப் பதினான்கு நாள் யோசிக்க அவகாசம் உண்டு, அந்த நாட்களில் முன்பணமே வாங்கக் கூடாது; நம் நாட்டில் டைம்ஷேருக்கென்று தனிச் சட்டம் இல்லை. நல்லவேளையாக என் மனைவி, ஊருக்குப் போய் என் அண்ணனைக் கேட்டுச் சொல்கிறோம் என்று எழுந்துவிட்டாள். அவளுக்கு அண்ணன் கிடையாது.

திருவொற்றியூர், காலடிப்பேட்டை

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. பெரம்பூர் சகோதரி சொன்னபடி மகனை உட்காரவைத்து ரொக்க விலைப் பட்டியலைத் திறக்கச் சொன்னேன். மே மாதத்தில் புக்கெட்டில் ஒரு படுக்கையறை வீட்டின் முழு வாரமே 24,000 ரூபாய்க்கு இருக்கிறது. அதாவது நான் என் வாரத்தையும் கொடுத்து, 16,000-மும் கட்டி மிச்சம் பிடிப்பது 8,000. மகன் நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

இப்படி முடிவு செய்திருக்கிறோம். காலாவதியாகப் போகும் வாரத்தை வருகிற மே மாதம் ஏற்காட்டில் பயன்படுத்திக்கொள்கிறோம். அதற்குப் பரிமாற்றக் கட்டணம் எதுவும் இல்லை. மீதமுள்ள இரண்டில் ஒன்றை மட்டும் இப்போதே ஒப்படைத்து, ராயபுரத்துக்காரர் செய்ததுபோல் அடுத்த ஆண்டுக்கு அடுத்த ஜனவரிக்கு, எந்தத் தேதியானாலும் சரி என்று கோரிக்கை பதிகிறோம். பேரன் இப்போது எல்.கே.ஜி. படிக்கிறான், அதற்குள் முதல் வகுப்புக்குப் போயிருக்க மாட்டான் என்பதால் ஒரு வாரம் விடுப்புக் கேட்க முடியும். கிடைக்காவிட்டால் வாரம் வீணாகும் என்பது தெரிந்தேதான் இதைச் செய்கிறேன்.

ராயபுரம் தம்பியிடம் என் மனைவி ஒன்று கேட்கச் சொன்னாள்: அந்தச் சமையலறையில் மிக்ஸி இருக்குமா?

ராயபுரம்

இருக்காது, ஐயா. மின்னடுப்பும் குளிர்பதனப் பெட்டியும் நான்கு பாத்திரமும் இருக்கும். தேங்காயை இங்கேயே வறுத்து அரைத்துப் பொடியாக எடுத்துச் செல்லச் சொல்லுங்கள். கூடவே ஒரு நல்ல கத்தியும், பெட்டியில் போடும் சாமானோடு. அங்கே இருந்த கத்தியால் அப்பாவால் செதில்கூடச் சீவ முடியவில்லை.