லினக்ஸ், விண்டோஸ், ஆண்ட்ராய்டு மூன்றுக்கும் ஒத்துவரும் ஃபைல் சிங்க் எது?

வீட்டில் லினக்ஸ் லேப்டாப், ஆபீசில் விண்டோஸ், கையில் ஆண்ட்ராய்டு போன். ஒரே ஒரு ஃபோல்டர் மூன்றிலும் தானாக ஒன்றுபோல் இருக்க வேண்டும், அவ்வளவுதான். உள்ளே குறிப்புகள், பில்கள், ஸ்கேன் செய்த ஆவணங்கள். எல்லாம் சேர்த்து 10 ஜிபிக்குள் அடங்கும். யாருடனும் பகிரப் போவதில்லை.

கூகுள் டிரைவில் 15 ஜிபி இலவசம், ஆனால் ஜிமெயிலும் போட்டோக்களும் அதிலேயே பங்கு கேட்கின்றன. போதாததற்கு லினக்ஸுக்கு அவர்களுடைய செயலியே கிடையாது. டிராப்பாக்ஸ் இலவசக் கணக்கில் 2 ஜிபிதான்.

இப்போது மனம் சிங்க்திங் (கருவிக்குக் கருவி நேரடியாகக் கோப்புகளை ஒத்திசைக்கும் செயலி) பக்கம் சாய்கிறது. கோப்புகளை நடுவில் எந்த சர்வரிலும் சேமிப்பதில்லை, காசும் இல்லை. ஒரே சிக்கல், இரண்டு கருவிகளும் ஒரே நேரத்தில் ஆனில் இருக்க வேண்டும். ஆபீஸ் கணினியை மூடிய பிறகுதான் வீட்டு லேப்டாப்பையே திறப்பேன். எப்போதும் கையில் இருக்கும் போன் நடுவில் பாலமாக இருந்தால் போதுமா? அதிகாரபூர்வ ஆண்ட்ராய்டு செயலியை 2024 டிசம்பரோடு நிறுத்திவிட்டார்கள். அதன் ஃபோர்க்கை, அதாவது அதே நிரலை வைத்து வேறு சிலர் தொடரும் பதிப்பைப் பயன்படுத்துகிறவர்கள் இருந்தால், பேட்டரி தாங்குகிறதா என்று சொல்லுங்கள். அப்புறம், ஒரே கோப்பை இரண்டு இடத்தில் திருத்தினால் வரும் கான்ஃப்ளிக்ட் நகல்களை எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

நெக்ஸ்ட்கிளவுட் மட்டும் வேண்டாம். சொந்தமாக சர்வர் பராமரிக்கப் பொறுமை இல்லை.