போரியே சால்மிங்: பார்த்தவர்கள் எழுதுங்கள்

எண்பதுகளில் ரொறன்ரோவுக்கு வந்து சேர்ந்த நம்மவர்களில் சிலருக்காவது மேப்பிள் லீவ்ஸ் ஐஸ் ஹொக்கி அணியின் 21ஆம் எண் நினைவிருக்கும். சுவீடன்காரர், தடுப்பாட்டக்காரர், பெயர் போரியே சால்மிங். அவர் ஆடியதைக் களத்திலோ தொலைக்காட்சியிலோ பார்த்தவர்கள், அவர் ஊர்ப்பக்கம் போனவர்கள் இங்கே எழுதுங்கள். இன்றைய பிள்ளைகளுக்கு அவர் ஒரு வெண்கலச் சிலை மட்டும்தான். அது எனக்குப் பொறுக்கவில்லை, ஆகவே நானே தொடங்குகிறேன்.

வந்த புதிதில் டான்போர்த் பக்கம் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். சனி இரவென்றால் சமையலறை வாசலில் இருந்த சின்னத் தொலைக்காட்சியில் ஹொக்கிதான். தலைமைச் சமையல்காரர் லீவ்ஸ் அணிக்காக உயிரை விடுகிற மனிதர். எனக்கு ஆட்டம் புரியாது, பக் என்கிற அந்தக் கறுப்பு ரப்பர் வட்டு எங்கே போகிறதென்றே தெரியாது. "பக்கைப் பார்க்காதே, 21ஐப் பார்" என்றார். பார்த்தேன். எதிரணிக்காரன் ஸ்டிக்கை ஓங்குகிற அந்த நொடியில் இந்த மனிதர் முழங்காலில் சறுக்கிக்கொண்டு போய் அடிக்கு முன்னால் விழுகிறார். பக் காலில் படுகிறது, விலாவில் படுகிறது, எழும்பிப் போகிறார். இதைக் கோல் காப்பாளர் செய்தால் அது அவருடைய வேலை. இவருக்கு அந்தப் பெரிய கவசம் எதுவும் கிடையாது.

பிறகு அவருடைய கதையையும் சமையல்காரர்தான் சொன்னார். 1972 கடைசியில் லீவ்ஸ் அணிக்கு ஆட்கள் தேடிச் சுவீடன் போன ஜெரி மக்னமாரா, உண்மையில் பார்க்கப் போனது ஹமர்ஸ்ட்ரோம் என்ற தாக்குதல் ஆட்டக்காரரை. அவரும் சால்மிங்கும் ஆடிய பிரைனாஸ் என்ற கழகம் கனடாவிலிருந்து வந்த பரி பிளையர்ஸ் அணியோடு ஆடியது. அதில் சால்மிங் நடுவரோடு மோதி வெளியே அனுப்பப்பட்டார். மக்னமாரா ஆட்டம் முடியும்வரை காத்திருக்கவில்லை. நேரே உடை மாற்றும் அறைக்குப் போய், ரொறன்ரோவுக்கு ஆட வருகிறாயா என்று கேட்டார். 1973இல் இரண்டு பேருமே வந்தார்கள்.

அந்தக் காலத்தில் லீவ்ஸ் ஆடும் வட அமெரிக்கத் தொடரான என்.எச்.எல். என்றால் கனடாக்காரர்களின் கோட்டை. சுவீடன்காரன் அடிக்குப் பயந்தவன் என்று பார்வையாளர் கத்துவார்கள், எதிரணிக்காரர்களும் கத்துவார்கள். சால்மிங் ஆடிய இரண்டாவது ஆட்டமே பிலடெல்பியாவில். அடிதடிக்கே பெயர் போன அணி. ஸ்டிக்கால் குத்தினார்கள், கைகலப்புக்கு இழுத்தார்கள். அவர் அடுத்த ஆட்டத்துக்கு வந்தார், அதற்கடுத்ததற்கும் வந்தார். லீவ்ஸ் அணியில் மட்டும் 16 பருவங்கள், 1099 ஆட்டங்கள். அந்த அணிக்காக அவர் கொடுத்த 620 அசிஸ்ட் (மற்றவர் கோல் போடப் பக்கைக் கொடுத்து உதவுவது) இன்றும் கழகச் சாதனை.

1986 நவம்பரில் டிட்ரொயிட் அணியோடு ஆடும்போது கோல் முன்னால் நடந்த தள்ளுமுள்ளில் ஒருவரின் ஸ்கேட் கத்தி இவர் முகத்தில் இறங்கிவிட்டது. நெற்றியிலிருந்து வாய்வரை 200க்கு மேல் தையல். அந்தப் படம் வந்த பத்திரிகையை சமையல்காரர் மேசையில் விரித்துவைத்துவிட்டு ஒன்றும் பேசவில்லை. அதே பருவத்தில் முகத்துக்கு மறைப்புப் போட்டுக்கொண்டு சால்மிங் திரும்ப ஆடினார்.

*

(ஸ்டொக்ஹோமிலிருந்து)

அண்ணா, நீங்கள் விட்ட இடத்திலிருந்து நான் சொல்கிறேன். 1989இல் அவர் லீவ்ஸை விட்டு டிட்ரொயிட்டில் ஒரு பருவம் ஆடினார். அதற்குப் பிறகு ஓய்வெடுப்பார் என்று எல்லோரும் நினைத்தபோது இங்கே ஏ.ஐ.கே. கழகத்துக்கு வந்தார். நாங்கள் அகதிகளாக வந்து மொழி படித்துக்கொண்டிருந்த காலம். என் சுவீடிஷ் ஆசிரியை ஏ.ஐ.கே. விசிறி, எங்களில் சிலரை ஓர் ஆட்டத்துக்கு அழைத்துப் போனார்.

அவருக்கு அப்போது நாற்பதை நெருங்கும் வயது. கூட ஆடுகிறவர்களில் சிலர் இருபதுக்குப் பக்கத்தில் இருக்கிற பெடியன்கள். வேகம் குறைந்துதான் இருந்தது. ஆனால் பக்கைத் தன் கோலுக்குப் பின்னாலிருந்து எடுத்துக்கொண்டு தலையை நிமிர்த்தி மேலே வரும்போது அரங்கம் முழுவதும் ஒரு சத்தம் எழும். அவர் ஒன்றும் செய்வதற்கு முன்பே எழுகிற சத்தம். 1992இல் ஆல்பர்ட்வில் ஒலிம்பிக்கில் 40 வயதில் நாட்டு அணிக்கு ஆடினார். அதையும் அந்த ஆசிரியை வீட்டில்தான் பார்த்தோம். 1993வரை ஏ.ஐ.கே.யில் ஆடிவிட்டுத்தான் நிறுத்தினார்.

இங்கே பலர் அவரை உள்ளாடை விற்கிறவராகவும் அறிவார்கள். அவர் பெயரிலேயே ஒரு வணிகம் நடந்தது. அந்த விளம்பரம் பார்த்த இளைஞர்களுக்கு அவர் என்ன செய்தவர் என்று நான் விளக்க வேண்டி வந்ததுண்டு!

*

(லூலியோவிலிருந்து)

வணக்கம். நான் தமிழ்நாட்டுக்காரன், இங்கே சுரங்கப் பொறியியல் படிக்க வந்தவன். ஹாக்கி என்றால் எனக்கு தன்ராஜ் பிள்ளைதான், புல்தரை ஹாக்கி. சால்மிங் பெயரை முதலில் கேட்டதே வேறு வழியில்.

படிப்புக்காக கிருனாவுக்குப் போனோம். இரும்புத்தாது ரயில்கள் ஓடும் தடத்திலேயே வடக்கே பல மணி நேரப் பயணம். பெரிய நிலத்தடி இரும்புச் சுரங்கம். அதைத் தோண்டத் தோண்ட மேலே நிலம் அசைகிறது என்பதால் நகரத்தின் ஒரு பகுதியையே பெயர்த்துக் கிழக்கே கொண்டுபோகிறார்கள். பழைய மரத் தேவாலயத்தை 2025 ஆகஸ்டில் அப்படியே தூக்கிச் சக்கரங்களில் வைத்து நகர்த்தியது உலகச் செய்தியானது. எங்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுத்த பெரியவர் பேச்சுவாக்கில் சொன்னார்: சால்மிங்கின் அப்பா இங்கே சுரங்க விபத்தில் இறந்தவர், அப்போது பையனுக்கு ஐந்து வயது.

அப்பா சாமி இனத்தவர், வடக்கின் பூர்வகுடி. அந்தப் பையனும் ஸ்டிக் (Stig) என்ற பெயருடைய அண்ணனும் கிருனாவின் கழகத்தில் ஆடி, பிறகு தெற்கே யெவ்லே நகரத்துக்குப் போய் பிரைனாஸில் சேர்ந்தார்கள். 1971, 1972 இரண்டு வருடமும் பிரைனாஸ் நாட்டு சாம்பியன். ஐயா எழுதிய அந்தப் பிலடெல்பியா ஆட்டத்தைப் படித்தபோது எனக்குக் கிருனாவின் குளிர்காலம்தான் கண்முன் வந்தது. டிசம்பரில் வாரக்கணக்கில் சூரியன் உதிக்காத ஊர். வேலை என்றால் சுரங்கம். அங்கே வளர்ந்தவரை நான்கு குத்தும் கொஞ்சம் வசவும் விரட்டிவிடும் என்று எதிரணி நினைத்திருக்கிறது.

*

(ஸ்காபரோவிலிருந்து)

நான் இங்கே பிறந்தவள். அப்பாதான் லீவ்ஸ் பைத்தியம், சால்மிங் பைத்தியம். 1976இல் நாடுகள் மோதிய கனடா கோப்பையின்போது சால்மிங் எதிரணியான சுவீடனின் சட்டையோடு லீவ்ஸின் அன்றைய அரங்கமான மேப்பிள் லீவ் கார்டன்ஸில் இறங்கியபோது ரொறன்ரோக்காரர்கள் எழுந்து நின்று கைதட்டிய கதையை, தான் இங்கே வருவதற்கு எத்தனையோ வருடங்களுக்கு முன் நடந்ததாக இருந்தாலும், நேரில் பார்த்தவர் மாதிரிச் சொல்வார். மூன்று வருடத்துக்கு முன் கோழை என்று ஏசப்பட்டவருக்கு, அதுவும் வேறொரு நாட்டுக்காக ஆட வந்த நாளில், சொந்த ஊர்க்காரர்கள் போல எழுந்து நின்றார்கள் என்பதுதான் அப்பாவுக்கு முக்கியம். வேலைத்தளத்தில் பெயரை ஒழுங்காகச் சொல்லக்கூட ஒருவரும் முயலாத நாட்களில் அந்தக் கதையை அவர் எத்தனை தடவை நினைத்திருப்பார் என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது.

2022 ஆகஸ்டில் சால்மிங்குக்கு ஏ.எல்.எஸ். என்ற நரம்பு நோய் என்று செய்தி வந்தது. நவம்பரில் ரொறன்ரோ வருகிறார் என்று தெரிந்ததும் அப்பாவுக்கும் எனக்கும் சனி இரவுக்கு டிக்கெட் எடுத்தேன். முந்தின இரவு பிட்ஸ்பர்க் ஆட்டத்துக்கு முன் நடந்ததை வீட்டில் பார்த்தோம். பேச்சு போய்விட்டது, கையைத் தூக்க முடியவில்லை. எழுபதுகளில் அணித் தலைவராக இருந்த டாரில் சிட்லர் பக்கத்தில் நின்று அவர் கையைப் பிடித்துத் தூக்கி மக்களுக்குக் காட்டினார். சிட்லர் அழுதார். அப்பா எழும்பி முகம் கழுவப் போய்விட்டார்.

சனி இரவு வான்கூவரோடு ஆட்டம். தொடக்க ஆறு பேரின் பெயரை வாசிக்கிறார்கள், ஆறும் சுவீடன் பெயர்! நைலாண்டர், சாண்டின், லிலியேக்ரென், யார்ன்குரோக், எங்வால், கோலில் ஷெல்கிரென். பயிற்சியாளர் வேண்டுமென்றே அப்படி இறக்கியிருந்தார். அரங்கத்துக்கு அது விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியதும் வந்த இரைச்சலில் அப்பா சொன்னது எனக்குக் கேட்கவில்லை. அந்த வார இறுதியின் ஹொக்கிப் புகழ் மண்டப விழாவில் சேர்க்கப்பட்டவர்களிலும் மூவர் சுவீடன்காரர்கள்: செடின் இரட்டையர்கள், ஆல்பிரட்சன். அந்த மண்டபத்துக்குள் முதலில் போன சுவீடன்காரர் சால்மிங், 1996இல். நவம்பர் 24 அன்று அவர் காலமானார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை.

*

(மார்க்கத்திலிருந்து)

நான் பிசியோதெரபிஸ்ட், ஏ.எல்.எஸ். நோயாளிகளோடு வேலை செய்கிறேன். தசைகளை இயக்கும் நரம்புகள் ஒவ்வொன்றாகச் செத்துப்போகும் நோய் இது. அறிவு பெரும்பாலும் தெளிவாகவே இருக்கும். சிலருக்குக் கை காலில் தொடங்கும், சிலருக்கு நாக்கிலும் தொண்டையிலும். பேச்சும் விழுங்குவதும் முதலில் போகிறவர்களுக்கு நோய் பொதுவாக வேகமாக நகரும். தங்கை எழுதிய அந்தக் காட்சியைப் பார்த்த என் நோயாளி ஒருவர், அதற்குப் பிறகுதான் சக்கர நாற்காலியில் கோயிலுக்கு வரச் சம்மதித்தார். அதுவரை வெளியே வர மறுத்தவர். இந்த நோய்க்கான ஆராய்ச்சிக்கும் உதவிக்கும் சால்மிங் பெயரில் ஓர் அறக்கட்டளை இருக்கிறது, முடிந்தவர்கள் தேடிப் பாருங்கள்.

*

(தொடங்கியவர் மறுபடி)

எல்லோருக்கும் நன்றி. தங்கச்சி, அப்பாவை ஒருநாள் கார்ல்டன் தெருவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். பழைய கார்டன்ஸ் கட்டடத்தில் இப்போது பலசரக்குக் கடை. 25ஆம் வரிசையில் தரையில் ஒரு சிவப்பு வட்டம் இருக்கும். களத்தின் நடுப்புள்ளி அதுதான்.

ஒன்று மட்டும் எனக்கு இன்னும் ஆறவில்லை. சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நோரிஸ் கோப்பை அவருக்குக் கிடைக்கவேயில்லை. 1977இலும் 1980இலும் இரண்டாம் இடம், இரண்டு தடவையும் மொன்றியலின் லரி ரொபின்சனுக்குப் பின்னால். ரொபின்சன் பெரிய ஆட்டக்காரர், மறுக்கவில்லை. 1977இல் அவர் கோலும் அசிஸ்டுமாக 85 புள்ளி எடுத்தார், சால்மிங் 78. ஆனால் ரொபின்சனின் மொன்றியல் அந்தப் பருவம் முழுவதிலும் தோற்றதே எட்டு ஆட்டம்தான். சால்மிங்குக்குப் பின்னால் அப்படி ஓர் அணி இல்லை. 1980ஐ விட்டுக்கொடுக்கிறேன். 1977 அவருக்கு வந்திருக்க வேண்டியது. இல்லை என்கிறவர்கள் காரணத்தோடு எழுதுங்கள், பேசுவோம்.