மகரந்தம் தரும் மரத்திற்கு என்ன பெயர்? – ஹேசல்நட் கையேடு

மொழிபெயர்ப்பாளர்:
அனைவருக்கும் வணக்கம். ஹேசல்நட் என்ற கொட்டை மரத்தின் வளர்ப்புக் கையேடு ஒன்றை வெள்ளிக்கிழமைக்குள் தமிழாக்கித் தர வேண்டும். இம்மரத்தில் ஆண்பூக்கதிரும் பெண்பூவும் சேர்ந்தே இருந்தாலும், அது தன் மகரந்தத்தைத் தானே ஏற்பதில்லை. ஆகவே தோப்பின் இடையிடையே பொருந்தக்கூடிய வேறு இரக மரங்களை மகரந்தத்திற்காகவே நடுகிறார்கள். அந்த மரத்திற்குப் பெயர் வேண்டும். 'மகரந்தச் சேர்க்கையாளர்' என்றால் தேனீ நினைவுக்கு வரும். ஹேசல்நட்டிலோ குளிர்காலக் காற்றே மகரந்தத்தைச் சுமக்கிறது. இப்போதைக்கு 'மகரந்த வழங்கி' என்று எழுதியிருக்கிறேன்.

தமிழாசிரியர்:
நண்பரே, 'வழங்கி' என்ற சொல் 'சர்வர்' என்ற பொருளில் கணினித் துறைக்குப் போய்விட்டது. மகரந்தம் வடசொல், நமக்குத் 'தாது' இருக்கிறது. அகநானூற்றின் 4ஆம் பாடல் வண்டைத் 'தாதுண் பறவை' என்கிறது. உண்பது தாதுண்ணி என்றால், தாதை ஈனும் மரம் 'தாதீனி' ஆகும். பயிர் கதிர் ஈனுகிறது என்றே உழவரும் சொல்கிறார்கள். ஹேசல்நட்டின் ஆண்பூவும் கதிராகத்தான் தொங்குகிறது.

தாவரவியல் ஆசிரியை:
ஐயா, 'தாது' என்றதும் என் மாணவர்கள் இரும்புத்தாதைத்தான் நினைப்பார்கள். அதைவிடப் பெரிய தடை, எல்லா ஹேசல்நட் மரமும் தாது ஈனுகிறது என்பதே. இன்னொரு மரத்திற்கு உதவுவதை அல்லவா நம் சொல் காட்ட வேண்டும்? 2009இல் வெளியான 'ஜெஃபர்சன்' இரகத்தின் பெண்பூ தாமதமாக மலர்வதால், அதற்கு ஈடாகத் தாமதமாக மகரந்தம் உதிர்க்கும் 'ஈட்டா', 'தீட்டா' இரகங்களைத் தேடி நடுகிறார்கள். ஒன்றுக்குப் பொருந்துவது மற்றொன்றுக்குப் பொருந்தாது என்பதால் 'மகரந்தத் துணைமரம்' என்பதே சரி. தனிமடலில் ஒருவர் தெரிவித்த 'கருவூட்டி மரம்' ஏற்கத்தக்கதன்று. மகரந்தம் வந்தபின் கருவுற நான்கைந்து மாதங்கள் ஆகும் மரம் இது.

தமிழாசிரியர்:
துணைமரம் என்றால் நிழல்மரமாகவும் கொள்ளலாம் அல்லவா?

தாவரவியல் ஆசிரியை:
'மகரந்த' என்ற அடைமொழி அந்த ஐயத்திற்கு இடம் தராது. தாங்கள் காட்டிய பாடலிலேயே அப்பறவை 'துணையொடு வதிந்த', அதாவது துணையோடு தங்கிய, பறவையாகத்தானே வருகிறது!

மொழிபெயர்ப்பாளர்:
இருவருக்கும் நன்றி. தனிமடலில் எழுதிய மூவரும் 'துணைமரம்' என்பதை ஏற்றதால் அதையே இட்டு, முதல் இடத்தில் மட்டும் விளக்கம் சேர்க்கிறேன்.

தமிழாசிரியர்:
கையேட்டிற்கு அது போதும் என்பதை ஒப்புகிறேன். ஆனால் கலைச்சொல் பட்டியலில் 'தாதீனி'யும் மாற்றுச்சொல்லாக இடம்பெற வேண்டும். 'துணை' என்பது உறவைச் சொல்கிறதே அன்றி, அந்த மரம் செய்யும் வினையைச் சொல்லவில்லை.