சாம்பியனே இல்லாமல் அணிப் பட்டமா? அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தின் புள்ளிக் கணக்கு

முகில் (கேள்வி):
ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல் ஓரளவு தெரியும். அமெரிக்கக் கல்லூரி மல்யுத்தத்தில் அணிப் பட்டம் எப்படி முடிவாகிறது என்பதுதான் பிடிபடவில்லை. கல்லூரி விளையாட்டை நடத்தும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவில் 2024-இல் பென் ஸ்டேட் பல்கலைக்கு 4 தனிநபர் சாம்பியன்கள், 172.5 புள்ளி. 2025-இல் சாம்பியன்கள் 2 பேர்தான், புள்ளியோ 177. 2001-இல் மினசோட்டா ஒரு சாம்பியன்கூட இல்லாமல் பட்டம் வாங்கியிருக்கிறது. அந்த அரைப் புள்ளி எங்கிருந்து வருகிறது? நவம்பர் முதல் பிப்ரவரி வரை அணிக்கு அணி மோதும் டூயல்களில் ஜெயித்ததெல்லாம் எங்கே போய்ச் சேர்கிறது?

கோதா:
எங்கேயும் சேர்வதில்லை. டூயலில் சாதாரண வெற்றிக்கு 3, மேஜருக்கு (8 முதல் 14 புள்ளி வித்தியாசம்) 4, டெக் ஃபாலுக்கு (15 புள்ளி முன்னிலை) 5, ஃபாலுக்கு (எதிராளியின் தோள்களை மேட்டில் அழுத்திப் பிடிப்பது) 6 என்று தனிக் கணக்கு. அது அன்றோடு முடிந்தது. சீசன் முழுக்க ஒரு டூயல்கூடத் தோற்காத அணி மார்ச்சில் பட்டத்தைக் கோட்டைவிடலாம். டூயல்களால் கிடைக்கும் பலன் மறைமுகமானது: வீரரின் வெற்றி விகிதமும் தரவரிசையும் அங்கேதான் உருவாகின்றன. ஒவ்வொரு மாநாட்டுக்கும் (கல்லூரிகளின் கூட்டமைப்பு) எத்தனை தேசிய இடம் என்பதும், தேசியப் போட்டியில் யார் எந்த சீட் (யார் யாருடன் மோதுவது என்பதை முடிவுசெய்யும் வரிசை எண்) என்பதும் அவற்றைப் பொறுத்தவை.

பட்டம் முடிவாவது மார்ச்சில், வியாழன் முதல் சனி வரை 3 நாளில். 125 பவுண்டில் தொடங்கி 285 வரை 10 எடைப் பிரிவுகள், பிரிவுக்கு 33 பேர், ஆக 330 பேர். ஒரு அணிக்குப் பிரிவுக்கு ஒருவர்தான்.

புள்ளி மூன்று வழியில் வரும். முதல் 8 இடங்களுக்கு முறையே 16, 12, 10, 9, 7, 6, 4, 3. பிரதானச் சுற்றில் ஜெயித்து முன்னேறினால் தலா 1; ஒருமுறை தோற்றவர்கள் ஆடும் கன்சலேஷன் பக்கத்தில் தலா 0.5. இதற்கு மேல் போனஸ்: ஃபால் 2, டெக் ஃபால் 1.5, மேஜர் 1. நீங்கள் கேட்ட அரை, கன்சலேஷனிலிருந்தும் வரலாம், டெக் ஃபாலிலிருந்தும் வரலாம்.

எல்லாவற்றையும் நூலிழையில் ஜெயித்த சாம்பியன் அணிக்குத் தருவது 20. ஐந்து ஆட்டத்திலும் ஃபால் எடுத்தவர் தருவது 30. இருவரும் சாம்பியன்தான், ஆனால் இடையிலுள்ள 10 புள்ளி இன்னொரு அணியின் மூன்றாம் இடத்துக்குச் சமம்.

மினசோட்டா விஷயம் இதோடு சேர்ந்ததுதான். 2001-இல் அவர்களின் 10 பேருமே முதல் எட்டுக்குள் வந்தார்கள். பென் ஸ்டேட்டும் 2024-இல் 8 பேர், 2025-இல் 10 பேர். சாம்பியன்கள் பாதியாகியும் மொத்தம் ஏறியதற்கு அதுதான் முக்கியக் காரணம்.

பயிற்சியாளர்கள் பயப்படுவது இறுதிப் போட்டிக்கு அல்ல, பிளட் ரவுண்டுக்கு. கன்சலேஷனில் அந்த ஆட்டத்தை ஜெயித்தால் முதல் எட்டு உறுதி, ஆல்-அமெரிக்கன் என்ற கௌரவமும் உண்டு. தோற்றால் இடப் புள்ளி பூஜ்யம். முதல் சுற்றிலேயே தோற்றவர்கூட அங்கிருந்து தொடர்ந்து 7 ஆட்டம் ஜெயித்து மூன்றாம் இடம் வரலாம்: 10 புள்ளி, வழியில் சேர்த்த அரைகள், போனஸ் வேறு. காலிறுதியில் தோற்ற சோகத்திலேயே அடுத்த ஆட்டத்துக்கு மேட் ஏறும் வீரரால்தான் பட்டங்கள் கை நழுவுகின்றன.

அரைப்புள்ளி:
கோதா சொன்னது சரி. ஆனால் 172.5 வந்ததும் “அயோவாவின் 1997 சாதனையான 170 முறிந்தது” என்று எல்லோரும் எழுதினார்களே, அந்த ஒப்பீட்டில் எனக்கு உடன்பாடில்லை. 2023-24 சீசனிலிருந்து டேக்டவுனுக்கு (எதிராளியைக் கீழே தள்ளி அடக்குவது) 2 போய் 3 வந்துவிட்டது. எஸ்கேப்புக்கு (அடியில் இருப்பவர் விடுபட்டு எழுவது) அதே 1.

கீழே தள்ளி, எழவிட்டு, மறுபடி தள்ளும் உத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். முன்பு ஒவ்வொரு சுழற்சிக்கும் நிகர லாபம் 1, இப்போது 2. 15 முன்னிலை எடுக்க அப்போது 14 டேக்டவுன் வேண்டும். இப்போது 7 போதும். மேஜருக்கு 7 இருந்த இடத்தில் 4. ஆட்டம் அதே 7 நிமிடம் (3, 2, 2). எதிராளியின் தோள்களை மேட்டுக்கு அருகே பிடித்துவைத்தால் கிடைக்கும் நியர் ஃபால் புள்ளியும், ஒரு நிமிடத்துக்கு மேல் அடக்கிவைத்தால் கிடைக்கும் ரைடிங் டைம் புள்ளியும் இந்தக் கணக்கில் இல்லை. போனஸ் மலிந்துவிட்டது என்று சொல்ல இதுவே போதும். 2024-இல் இரண்டாம் இடம் வந்த கார்னெலை 100 புள்ளியில் பின்தள்ளினார்களே, அதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். புது விதி அந்த ஆண்டு எல்லா அணிக்கும் பொதுதானே.

முகில்:
நன்றி, இப்போது புரிகிறது. அப்படியானால் 141 பவுண்டில் இரண்டு நல்ல வீரர்கள் இருந்தால் ஒருவரை 133-க்கு இறக்கிவிடலாமே?

தராசு:
நினைத்தவுடன் முடியாது. 1997 கடைசியில் எடை குறைக்கும்போது மூன்று கல்லூரி வீரர்கள் இறந்த பிறகு விதிகள் அடியோடு மாறின. சானா, ரப்பர் உடை, சிறுநீர் பெருக்கும் மருந்து எல்லாம் தடை. பழைய 118 பிரிவு 125 ஆனதும் அதற்குப் பிறகுதான்.

இப்போதைய நடைமுறை: சீசன் தொடக்கத்தில் சிறுநீர் அடர்த்தி 1.020-க்கு மேல் போகக்கூடாது. மேலே இருந்தால் உடலில் நீர் குறைவு, அன்று சோதனை செல்லாது. தேறினால் உடல் கொழுப்பை அளந்து, 5 சதவீதத்துக்குக் கீழே போகாத குறைந்தபட்ச எடையைக் கணக்கிடுவார்கள். அதற்குக் கீழுள்ள பிரிவு அந்த சீசனில் அவருக்குக் கிடையாது. இறங்கும் வேகத்துக்கும் வரம்பு உண்டு: வாரத்துக்கு உடல் எடையில் 1.5 சதவீதம். 143 பவுண்டு உள்ளவர் 133-க்கு வர 5 வாரம். ஜனவரி நடுவில் யோசனை வந்தால் மாநாட்டுப் போட்டிக்கு முன் புது எடையில் ஆட அவகாசமே இருக்காது, தரவரிசையும் இருக்காது.

இன்னொன்று. டூயலில் எடை பார்த்து 1 மணி நேரத்தில் ஆட்டம். டோர்னமென்ட்டில் 2 மணி நேரம். உலர்ந்துபோய் எடை காட்டியவருக்கு அதற்குள் நீர் முழுதாக ஏறாது. தேசியப் போட்டியில் மூன்று நாளும் எடை பார்ப்பார்கள். வியாழன் பளிச்சென்று ஆடியவர் வெள்ளி இரவு மூன்றாம் பீரியடில் கால் நகராமல் நிற்பதற்கு இதுதான் வழக்கமான காரணம். அந்த இருவரில் இயல்பாக எடை கூடக்கூடியவரை 149-க்கு ஏற்றிப் பார்ப்பதே பெரும்பாலும் நல்லது.

கோதா:
சீட் பற்றி ஒரு வார்த்தை. 2024-இல் பென் ஸ்டேட்டின் கார்ட்டர் ஸ்டாரோச்சி முழங்கால் காயத்தால் பிக் டென் மாநாட்டுப் போட்டியில் ஆடாமல் விலகினார். 174-இல் 9-ஆவது சீட்டாக இறங்கி, பட்டமும் வென்றார். அப்படிப்பட்ட ஆளுக்குச் சரி. சாதாரண வீரர் 9-ஆவது சீட்டானால், எதிர்பார்த்தபடியே ஆட்டங்கள் போனால் இரண்டாம் சுற்றில் 8-ஆவது சீட், காலிறுதியில் முதல் சீட். அதனால் மாநாட்டுப் போட்டியில் காயமானவரை இறக்குவதா, சீட் இறங்கினாலும் பரவாயில்லை என்று ஓய்வு தருவதா என்பதுதான் மார்ச் முதல் வாரத்தில் பயிற்சியாளருக்குப் பெரிய தலைவலி.